தானாகப் போகிற இமெயில் மட்டும் ஏன் ஆங்கிலத்தில் போகிறது?

பரந்தன் பொடியன்:
வணக்கம். கிளிநொச்சியில் ஒரு கடைக்கு, அறுவடை மெசின் வாடகைக்குப் பதிகிற வெப் ஆப் ஒன்றை லாரவெல் என்ற பிஎச்பி ஃபிரேம்வேர்க்கில் செய்து கொடுத்தேன். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் இருக்கிறது. ஆள் பதிந்த உடனே போகிற இமெயில் தமிழில் சரியாகப் போகிறது. விடிய 5 மணிக்கு, "நாளைக்கு மெசின் வரும், தண்ணியை வடித்து வையுங்கள்" என்று தானாகப் போவது மட்டும் எல்லாருக்கும் ஆங்கிலத்தில். முரசுமோட்டையில் ஒரு ஐயா அதைக் கள்ள இமெயில் என்று அழித்துவிட்டார், அடுத்த நாள் மெசின் போனால் வயல் முழுக்கத் தண்ணி. ஏச்சு எனக்கு.

வவுனியாக்காரி:
ஆப்பின் பொது மொழியைத் தமிழாக்கிவிட்டால் முடிந்தது தானே?

பரந்தன் பொடியன்:
இல்லை அக்கா, சிங்கள ஆட்களும் இருக்கினம். பிறகு அவர்கள் அழிப்பார்கள்.

குளக்கட்டு:
தம்பி, ஆள் தெரிவு செய்த மொழியை செஷனில் (ஆள் பிரவுசரில் பாவிக்கும்போது மட்டும் இருக்கிற தற்காலிகப் பதிவு) தானே வைத்திருக்கிறீர்? விடிய நேரத்துக்குத் தானாக ஓடுகிற ஸ்கெடியூலருக்குப் பிரவுசரும் இல்லை செஷனும் இல்லை, அதனால் அது கொன்ஃபிக்கில் (ஆப்பின் பொது அமைப்பில்) கிடக்கிற ஆங்கிலத்தை எடுக்கும். மொழியை யூசர் டேபிளில் ஒரு கொலமாக (நிரலாக) வையும். யூசர் மொடலில் ஹேஸ்லொகேல்பிரெஃபரன்ஸ் இன்டர்ஃபேஸை (ஆளுக்கு விருப்ப மொழி இருக்கு என்று லாரவெலுக்குச் சொல்வது) போட்டு, பிரெஃபர்ட்லொகேல் மெதட்டில் அந்தக் கொலத்தைத் திருப்பிக் கொடும், மிச்சத்தை லாரவெல் பார்க்கும். ஒன்று, அனுப்பும்போது இமெயில் முகவரியை மட்டும் கொடுத்தால் வேலை செய்யாது, யூசரையே கொடுக்க வேண்டும் (நான் இதில் ஒரு நாள் முழுக்க மினக்கெட்டிருக்கிறேன்). பழைய ஆட்களுக்குக் கொலம் வெறுமையாக இருக்கும், அதையும் நிரப்பும்.

பரந்தன் பொடியன்:
செய்தேன் அண்ணை. உள்ளே தமிழ், தலைப்பு இன்னும் ஆங்கிலம்! கிழமையும் "மன்டே" என்றுதான் வருகிறது.

குளக்கட்டு:
தலைப்பை மெயில் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரில் மொழிபெயர்க்கிறீர் போல. அது ஆளின் மொழிக்கு மாற முதலே ஓடிவிடும். தலைப்பைக் கொடுக்கிற என்வலப் மெதட்டுக்குள் கொண்டுபோம். திகதிக்கு ஃபோர்மட் என்று போட்டால் எப்பவும் ஆங்கிலம்தான், டிரான்ஸ்லேட்டட்ஃபோர்மட் போடும். கியூவில் (வரிசையில் போட்டுப் பிறகு) அனுப்புகிறீர் என்றால், அந்த வரிசையைப் பின்னால் நின்று அனுப்புகிற வேர்க்கரை ஒருக்கா ரீஸ்டார்ட் பண்ணும், இல்லாவிட்டால் பழைய கோடையே பிடித்துக்கொண்டு நிற்கும்.

பரந்தன் பொடியன்:
ஓம், வேர்க்கரை மறந்தே போனேன். இன்றைக்கு விடிய எல்லாம் அவரவர் மொழியில் போயிருக்கிறது, தலைப்பும் சரி. ஐயாவுக்குப் போன் எடுத்து, இனி அழிக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன்.