புதுமைப்பெண், முதல் பட்டதாரி, கல்விக் கடன்: எதெல்லாம் சேர்த்து வாங்கலாம்?

வெண்ணாற்றங்கரை (வலங்கைமான்):
மகள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி. இப்போது கும்பகோணம் அரசு மகளிர் கல்லூரியில் பி.எஸ்சி. முதலாமாண்டு. அண்ணன் மகன் அரசு உதவி பெறும் பள்ளி, தமிழ் வழி. இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குப் பதிந்திருக்கிறான், தனியார் கல்லூரிதான் கிடைக்கும் போல. இரண்டு குடும்பமும் பி.சி. ஆளுக்கு இரண்டு ஏக்கருக்குள் நஞ்சை. அண்ணன் கூடவே கொஞ்சம் குத்தகைக்கும் பார்க்கிறார்.

மகளோடு சேர்ந்தவர்களுக்குப் புதுமைப்பெண் பணம் (அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1,000) வந்துவிட்டது, இவளுக்கு மட்டும் வரவில்லை. கல்லூரியில் "பேங்கைப் பாருங்க" என்கிறார்கள். பேங்கில் "ஆதார் லிங்க் ஆகியிருக்கு" என்கிறார்கள். இன்னொன்று, ஒரு உதவித்தொகை வாங்கினால் மற்றது போய்விடுமா? குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவருக்குத் தரும் முதல் பட்டதாரி சான்றுக்கு அண்ணியின் தம்பி பி.ஏ. படித்திருப்பது தடையா?

இ-சேவை மேசை:
பேங்கில் சொன்னது பொய்யில்லை, ஆனால் நீங்கள் கேட்டதற்கு அது பதிலும் இல்லை. கணக்கில் ஆதார் எண்ணைப் பதிவது ஒரு வேலை. அரசுப் பணம் எந்த வங்கிக்குப் போகவேண்டும் என்று என்பிசிஐ (வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் அமைப்பு) பட்டியலில் ஏற்றுவது வேறு வேலை. அதற்குப் பெயர் ஆதார் சீடிங். முதலாவது மட்டும் நடந்திருந்தால் பாஸ்புக்கில் எல்லாம் சரியாகத் தெரியும், பணம் மட்டும் வராது.

மகளின் ஆதாரோடு இணைந்த செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு 'மை ஆதார்' தளத்தில் ஓடிபி போட்டு உள்ளே போங்கள். 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்று இருக்கும். அதில் மூன்றில் ஒன்று தெரியும்.

ஒன்று, சரியான வங்கி பெயரும் 'ஆக்டிவ்' என்றும் இருக்கும். அப்படியானால் வங்கியை விட்டுவிடுங்கள், கோளாறு கல்லூரிப் பதிவில். இரண்டாவது, வேறு வங்கி பெயர் இருக்கும். கடைசியாக எந்த வங்கியில் சீடிங் ஆனதோ அங்கேதான் பணம் போகும். பள்ளியில் உதவித்தொகைக்காகத் திறந்து மறந்துபோன கணக்கிலோ, சிம் வாங்கும்போது செல்போனில் தானாகத் திறந்த கணக்கிலோ பணம் போய் உட்கார்ந்திருக்கலாம். மூன்றாவது, 'இன்ஆக்டிவ்' அல்லது வெறுமை. அப்போது கிளையில் "ஆதார் சீடிங் ஒப்புதல் படிவம்" என்றே கேட்டு வாங்கி, மகளே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவேண்டும். வெறுமனே "ஆதார் லிங்க் பண்ணுங்க" என்றால் பழையபடி முதல் வேலையைத்தான் செய்வார்கள். சில நாள் கழித்து அதே தளத்தில் மறுபடி பாருங்கள்.

பள்ளி நாளில் மைனராகத் திறந்த கணக்கென்றால் இன்னொரு சிக்கல். 18 முடிந்ததும் புதுப் போட்டோ, கையெழுத்து, கேஒய்சி கொடுத்து மேஜர் கணக்காக மாற்றாவிட்டால் வங்கி முடக்கி வைக்கும். இரண்டு வருடம் வரவு செலவு இல்லாத கணக்கும் செயலற்றதாகிவிடும். அஞ்சலக வங்கியில் புதுக் கணக்கு திறப்பது சில நேரம் இதைவிடச் சுலபம், தபால்காரரே வீட்டில் கைரேகை வைத்துத் திறந்து தருவார். திறக்கும்போதே சீடிங்குக்கும் ஒப்புதல் கொடுத்துவிடுங்கள்.

ஸ்காலர்ஷிப் செக்ஷன்:
மேலே சொன்னது முழுக்கச் சரி. 'ஆக்டிவ்' என்று வந்தும் பணம் வராவிட்டால் இனிஷியலைப் பாருங்கள். மார்க் ஷீட்டில் 'காவியா எஸ்', ஆதாரில் 'காவியா செல்வம்' என்றிருக்கும். நமக்கு ஒரே ஆள், கணினிக்கு இரண்டு ஆள். மார்க் ஷீட்டைத் திருத்துவது பெரும்பாடு, அதனால் ஆதாரை மார்க் ஷீட்டுக்கு ஏற்ப மாற்றுங்கள். மாற்றிய கையோடு வங்கியிலும் மாற்றவேண்டும், இல்லாவிட்டால் புது இடத்தில் பழைய தகராறு.

புதுமைப்பெண்ணுக்கு மாணவி தானாக எங்கும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை, கல்லூரியில் இதற்கென்று இருக்கும் நோடல் அலுவலர்தான் யூமிஸில் (கல்லூரி மாணவர் விவரத் தளம்) ஏற்றவேண்டும். பள்ளியின் எமிஸ் (பள்ளி மாணவர் விவரத் தளம்) எண்ணை வைத்துத்தான் 6 முதல் 12 வரை எங்கே படித்தார் என்று சரிபார்ப்பு நடக்கும். நடுவில் பள்ளி மாறி, ஏதோ ஒரு வகுப்பு எமிஸில் விட்டுப்போயிருந்தால் அங்கேயே நின்றுவிடும். அப்போது அந்தப் பள்ளித் தலைமையாசிரியரிடம்தான் திருத்தம். எனவே கல்லூரியில் "வந்துச்சா" என்று கேட்காதீர்கள். "யூமிஸில் எந்த நிலையில் நிற்கிறது, பள்ளிச் சரிபார்ப்பா, வங்கிச் சரிபார்ப்பா" என்று கேளுங்கள், பதில் வேறு மாதிரி வரும்.

சேர்த்து வாங்குவது பற்றி: புதுமைப்பெண்ணுக்கு வருமான வரம்பு கிடையாது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் மாதம் 1,000 ரூபாய் தனியாக வரும். முதல் பட்டப்படிப்பு, டிப்ளமோ, ஐடிஐ எல்லாம் உண்டு. முதுகலைக்கும் தொலைநிலைக் கல்விக்கும் இல்லை. பி.சி. மாணவர்களுக்கு அரசு, உதவி பெறும் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கான இலவசக் கல்வித் திட்டம் தனி. சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் அதில் வரும். முதுகலை, தொழிற்படிப்பு என்று போனால் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்கவேண்டும்.

மத்திய அரசின் சிஎஸ்எஸ்எஸ் என்ற கல்லூரி உதவித்தொகை மட்டும் முரண்டு பிடிக்கும். பிளஸ் டூவில் அவரவர் பிரிவில் 80 பெர்சன்டைலுக்கு மேல், வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால் இளங்கலைக்கு வருடம் 12,000. 80 பெர்சன்டைல் என்பது 80 மார்க் அல்ல, நூற்றுக்கு 80 பேரைவிட அதிக மார்க் என்று அர்த்தம், பலர் இதிலேயே இடறுகிறார்கள். வேறு உதவித்தொகை வாங்கக்கூடாது என்பது அதன் விதி. புதுமைப்பெண்ணும் வருடத்துக்கு அதே 12,000தான் வருகிறது. உங்கள் மகளுக்குக் கைக்கு வரவேண்டியதை விட்டுவிட்டு அதற்கு ஓடச் சொல்லமாட்டேன். சிஎஸ்எஸ்எஸ்ஸைப் புதுப்பிக்க ஆண்டுதோறும் 50 சதவீத மார்க்கும் 75 சதவீத வருகையும் வேறு வேண்டும்.

குடந்தை டெல்டா:
அண்ணன் மகனுக்கு. தொழிற்படிப்பில் இருக்கும் 7.5 சதவீத ஒதுக்கீடு அரசுப் பள்ளிக்கு மட்டும்தான், உதவி பெறும் பள்ளிக்கு இல்லை. ஆனால் பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் உண்டு, மாதம் 1,000. உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழி என்பதுதான் நிபந்தனை. நடுவில் இங்கிலீஷ் மீடியம் செக்ஷனுக்கு மாறியிருந்தால் போச்சு, டிசியைப் பாருங்கள்.

முதல் பட்டதாரிக்கு மாமன் கணக்கில் வரமாட்டார். அப்பா அம்மா, உடன்பிறந்தவர்கள், இருபக்கத் தாத்தா பாட்டி, இவ்வளவுதான். இவர்களில் யாராவது அஞ்சல் வழியில் வாங்கியிருந்தாலும் பட்டம் பட்டம்தான். இ-சேவையில் ரெவ்-104 என்ற எண்ணில் விண்ணப்பிக்கவேண்டும். குடும்பத்தில் ஒவ்வொருவரும் எதுவரை படித்தார்கள் என்று கேட்பார்கள், படித்தவர்களின் டிசியைத் தேடி எடுத்து வையுங்கள். கவுன்சிலிங் விண்ணப்பத்தில் சான்றோடு பெற்றோர், மாணவர் சேர்ந்து கையெழுத்திட்ட உறுதிமொழியையும் ஏற்றவேண்டும். அதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். சரியாக ஏறியிருந்தால் ஒதுக்கீட்டு ஆணையிலேயே சலுகை அச்சாகி வரும், வருடத்துக்கு 25,000 கல்விக் கட்டணத்தில் கழியும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் போனால் இந்தப் பேச்சே கிடையாது. வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான், அதனால் யாருக்கு என்பதை யோசித்துச் செய்யச் சொல்லுங்கள்.

மீதிக்குக் கல்விக் கடன். 4 லட்சம் வரை கைப்பணம் போடவேண்டாம், 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக்கூடாது. வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால் சிஎஸ்ஐஎஸ் என்ற வட்டி மானியத் திட்டத்தில் படிக்கும் காலமும் அதன்மேல் ஒரு வருடமும் வட்டியை மத்திய அரசு கட்டும். கல்லூரிக்கோ படிப்புக்கோ நாக் அல்லது என்பிஏ தர அங்கீகாரம் இருக்கவேண்டும், கவுன்சிலிங்கில் கல்லூரி தேர்ந்தெடுக்கும்போதே இதைப் பாருங்கள். வட்டி மானியத்துக்கு வங்கிதான் கேட்டு அனுப்பவேண்டும். கடன் கிடைத்த அன்றே வருமானச் சான்றைக் கொடுத்து "சிஎஸ்ஐஎஸ் கோரிக்கை போடுங்கள்" என்று எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். இடையில் படிப்பை விட்டால் மானியமும் நின்றுவிடும். அண்ணன் பெயரில் பயிர்க்கடன் பாக்கி தவணை தாண்டியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்வது நல்லது. அவர்தான் இணைக் கடன்தாரர், மேனேஜர் முதலில் பார்ப்பது சிபில், அதாவது பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினாரா என்ற மதிப்பெண்.

வெண்ணாற்றங்கரை:
மிக்க நன்றி. தளத்தில் பார்த்தோம், வேறு வங்கி பெயர்தான் காட்டுகிறது. வருமானச் சான்று போன வருடம் எடுத்தது, அதுவே போதுமா? உழவர் அட்டை இருக்கிறது, அதில் ஏதும் கிடைக்குமா?

இ-சேவை மேசை:
அந்த வங்கியில் கணக்கு உயிரோடிருந்தால் மாற்றவே வேண்டாம், பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பாருங்கள், பணம் அங்கே கிடக்கலாம்.

வருமானச் சான்று ஒரு வருடத்துக்குத்தான். ரெவ்-103 போட்டுப் புதிதாக எடுங்கள். வயல் வருமானத்தையும் சேர்த்துத்தான் எழுதவேண்டும். பட்டா, சிட்டா நகலோடு கிராம நிர்வாக அலுவலரை நேரில் பார்த்துவிட்டால் திருப்பி அனுப்பமாட்டார். குறுவை வேலை நடக்கும்போதே முடித்துவிடுங்கள். சம்பா காப்பீட்டுக்கு அடங்கல் (பயிர் விவரச் சான்று) வாங்கும் கூட்டம் நவம்பர் பாதி வரை அந்த அலுவலகத்தில் நிற்கும், அப்போது உங்கள் மனு அடியில் போய்விடும்.

உழவர் அட்டைக்கு உண்டு. உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் 2.5 ஏக்கர் நஞ்சை அல்லது 5 ஏக்கர் புஞ்சைக்குள் சொந்தமாகப் பயிரிடுபவர், குத்தகைக்காரர், விவசாயத் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி இருக்கிறது. கல்லூரியில் போனபைட் (அங்கே படிக்கிறார் என்ற சான்று) வாங்கி, அட்டை நகலோடு தாலுகா ஆபீஸில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் கொடுங்கள். அட்டையில் மகள் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.