மறு: முகில் சேமிப்பகக் கையேடு: 'கான்ஃப்ளிக்டட் காப்பி'க்குத் தமிழ்

வணக்கம்.

ஆய்வு மாணவர்களுக்கான கையேட்டின் வரைவைப் படித்தேன். 'சிங்க்' (பல கணினிகளிலும் கோப்புகளை ஒரே நிலையில் வைப்பது) என்பதற்கு 'ஒத்திசைவு' போதும். இசைக்கும் கோப்புக்கும் என்ன உறவு என்று சிலர் கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் காலம் கடந்துவிட்டது. கைப்பேசி அமைப்புகளில் 'ஒத்திசை' என்றே பார்த்துப் பழகியாயிற்று, இனி அதை மாற்றப் போனால் குழப்பம்தான் மிஞ்சும். 'கிளவுட்' என்பதற்கு முகிலா மேகமா என்ற வழக்கிலும் நான் இல்லை.

எனக்கு உறுத்துவது வேறொன்று: 'கான்ஃப்ளிக்டட் காப்பி', அதாவது ஒரே கோப்பை இருவர் திருத்தும்போது மென்பொருள் தனியே உருவாக்கும் கோப்பு, அதற்கு வரைவில் வைத்த தமிழ்ப்பெயர்.

> 'கான்ஃப்ளிக்டட் காப்பி' = முரண்பட்ட நகல். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. அந்தக் கோப்பு எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். பகிர்ந்த கோப்புறையில் 'இயல்3.டாக்ஸ்' இருக்கிறது. மாணவர் இணையம் இல்லாத இடத்தில் அதைத் திறந்து திருத்துகிறார். அதே நேரம் நெறியாளரும் தம் கணினியில் அதையே திருத்திச் சேமிக்கிறார். நெறியாளரின் கோப்பு முதலில் சேவையகம் போய்ச் சேர்கிறது. பிறகு மாணவரின் கணினி இணையத்துக்கு வந்து தன் கோப்பை அனுப்பும்போது, அது எந்தப் பதிப்பின் மேல் திருத்தப்பட்டதோ அந்தப் பதிப்பு சேவையகத்தில் இப்போது நடப்பில் இல்லை. டாக்ஸ் கோப்புக்குள் புகுந்து இரண்டையும் சேர்க்கும் திறமை ஒத்திசைவு மென்பொருளுக்குக் கிடையாது. அதனால் இரண்டையும் வைத்துக்கொள்கிறது. முந்தி வந்ததற்குப் பழைய பெயர், பிந்தி வந்ததற்கு ஒட்டுப்பெயர். முகில் சேமிப்பகமான டிராப்பாக்ஸ் அடைப்புக்குறிக்குள் ஆள் பெயரும் தேதியும் போடும். சிங்க்திங் என்ற ஒத்திசைவு மென்பொருள் வந்த வரிசையைப் பார்க்காமல், இரண்டில் முன்னதாகத் திருத்தப்பட்டதற்கு 'சிங்க்-கான்ஃப்ளிக்ட்' என்று ஒட்டி, தேதி, நேரம் எல்லாம் சேர்க்கும்.

ஆக, ஒரு கோப்பு ஒட்டுப்பெயர் வாங்குவது வந்த வரிசையாலோ திருத்திய நேரத்தாலோதான், அவ்வளவே. அது தவறான கோப்பு அன்று. முழுநாள் உழைப்பு அதில்தான் இருக்கலாம். 'முரண்பட்ட நகல்' என்று எழுதினால் மாணவருக்கு என்ன தோன்றும்? 'நகல்' என்றாலே அசல் வேறெங்கோ பத்திரமாக இருக்கிறது என்றுதானே? போதாக்குறைக்கு 'முரண்பட்ட' என்று வேறு. சரி, குப்பை என்று அழித்துவிடுவார். ஒத்திசைவு கடமை தவறாமல் அந்த அழிப்பையும் எல்லாக் கணினிகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

> 'இரட்டைக் கோப்பு' என்றால்?

அது 'டூப்ளிகேட்'. உள்ளடக்கம் ஒன்றே என்ற பொருள் வந்துவிடும், அழிக்கத் தூண்டுவதில் இன்னும் மோசம்.

> 'மோதல் கோப்பு'?

பரவாயில்லை. ஆனால் மோதியது இரண்டு கோப்புகள், இந்தப் பெயரில் ஒன்றுதான் தெரிகிறது.

என் பரிந்துரை: பிணக்குப்படி.

'படி'யை ஏட்டுச்சுவடி மரபிலிருந்து எடுத்தேன். படியெடுத்தல், கைப்படி, மூலப்படி என்று நம்மிடம் புழங்கிய சொல். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர் பல ஏட்டுப்படிகளை ஒப்பிட்டுப் பார்த்தார். படி என்ற பெயர் எந்த ஏட்டையும் தாழ்த்துவதில்லை, ஒப்பிட்டுப் பார்த்தபின்தான் எந்தப் பாடம் நல்லது என்று தெரியும். நமக்கு வேண்டியதும் அந்த மனநிலைதான். 'பேதப்படி' என்றும் யோசித்தேன், பாடபேதம் இருக்கிறதே என்று. ஆனால் ஒவ்வொரு பதிப்பும் முந்தையதிலிருந்து பேதப்பட்டதுதான். 'பிணக்கு' என்றால் இரண்டு தரப்பு உண்டு, தீர்த்துவைக்க ஆள் வேண்டும் என்பது தானே வந்துவிடுகிறது. 'பிணக்குத் தீர்த்தல்' என்ற தொடரும் கையோடு கிடைக்கிறது. நிரல்களின் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு 'மெர்ஜ் கான்ஃப்ளிக்ட்' (இரு திருத்தங்களை ஒன்றுசேர்க்கும்போது வரும் மோதல்) இணைப்புப் பிணக்கு ஆகும். அங்கே ஒரே கோப்புக்குள் வரிகள் பிணங்குகின்றன, இங்கே முழுக் கோப்புகள். இரண்டையும் கையேட்டில் பிரித்துச் சொல்வது நல்லது.

'சொன்னபடி', 'விதிப்படி' போல இதையும் படித்துவிடுவார்களே என்று அடுத்த மடலில் யாராவது கேட்பீர்கள். தனியாக நின்றால் அந்த ஐயம் வரலாம். ஆனால் 'ஒரு பிணக்குப்படி உருவாகியுள்ளது', 'பிணக்குப்படிகளை ஒப்பிடுக' என்று வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள், இடறவில்லை.

இன்னொரு சின்ன ஆதாயம், சிரிக்காதீர்கள். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 குறியீட்டில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் (எழுத்து, உயிர்க்குறி, புள்ளி தனித்தனியே) 3 பைட். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் பெயருக்கு மொத்தம் 255 பைட்தான் இடம். 'முரண்பட்ட நகல்' 40 பைட், 'பிணக்குப்படி' 36. தமிழில் நீளமாகப் பெயர் வைக்கிறவர்களுக்கு இந்த வரம்பு உண்மையிலேயே இடிக்கும்.

அப்புறம், வரைவின் இரண்டாம் பக்கத்தில் ஒத்திசைவையும் காப்புநகலையும் ஒரே தலைப்பில் போட்டிருப்பதைப் பிரித்துவிடுங்கள். காப்புநகல் நேற்றைய நிலையைத் தனியே வைத்திருக்கும். ஒத்திசைவு இன்றைய நிலையை, இன்றைய தவறுகளோடு சேர்த்து, எல்லா இடத்திலும் ஒன்றாக்கும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் போட்டது 30 நாளில் தானாக அழிந்துவிடும். விடுமுறை முடிந்து வந்து தேடுகிற மாணவருக்கு அது போதாது.

மேற்கோள்களைத் தொகுத்துவைக்கும் ஜோட்டெரோ மென்பொருள் பற்றி ஒரு வரியாவது சேர்க்க வேண்டும். அதன் தரவுத்தளக் கோப்புறையை டிராப்பாக்ஸ் போன்றவற்றுக்குள் வைக்க வேண்டாம் என்று அதன் ஆவணங்களே எச்சரிக்கின்றன. தரவுத்தளம் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போதே பாதிக்கோப்பு ஒத்திசைந்துவிட்டால் பழுதாகும். அங்கே பிணக்குப்படி வந்தால் ஒப்பிட்டுத் தீர்க்கவும் முடியாது, ஏனென்றால் அது கண்ணால் படிக்கிற கோப்பு அன்று.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் சொற்பட்டியலில் நானே மாற்றிவிடுகிறேன். 'மெர்ஜ்' என்பதற்கு 'இணைப்பு' வேண்டாம், அது 'அட்டாச்மென்ட்'டோடு மோதும் என்பவர்கள் தனி இழை தொடங்கவும்.