டிவி வெறும் திரையாக இருந்தால் போதும்: நாலு ரிமோட்டை எப்படிக் குறைப்பது?

நாலுரிமோட் கேட்டது:

டிவி 4கே ஸ்மார்ட் டிவி, இஏஆர்சி உண்டு. ஏவிஆர் (ஸ்பீக்கர்களை இயக்கும் ஆடியோ-வீடியோ ரிசீவர்) 5.1, எச்டிஎம்ஐ 18 ஜிபிபிஎஸ் வரைதான், ஏஆர்சி மட்டும் (டிவியின் சத்தத்தை அதே எச்டிஎம்ஐ கம்பியில் ஏவிஆருக்குத் திருப்பி அனுப்பும் வழி; இஏஆர்சி அதன் புதிய, அகலமான வடிவம்). செட்டாப் பாக்ஸ், ஸ்ட்ரீமிங் பாக்ஸ், 4கே 120 ஹெர்ட்ஸ் தரும் கேம் கன்சோல் மூன்றும் டிவியிலேயே செருகியிருக்கின்றன. டிவியிலிருந்து ஏவிஆருக்கு ஆப்டிகல் கம்பி. பெரியவர்களும் குழம்பாமல் இயக்கும்படி ரிமோட்டுகளைக் குறைக்க வேண்டும்.

இன்னொன்று: டிவியை நெட்டில் சேர்க்காமலே விட்டால் என்னென்ன இழப்பு? எச்டிஎம்ஐ வழியே வரும் படத்தையும் டிவி கவனித்து அனுப்புகிறது என்கிறார்களே, உண்மையா?

---

மின்கம்பி:

முதலில் ஒரு முடிவு எடுங்கள்: டிவியில் எந்த ஆப்பும் ஓடாது. அந்த முடிவிலேயே இரண்டு கேள்விக்கும் பாதி பதில் வந்துவிடும். ஆப் இல்லையென்றால் டிவிக்கு நெட் வேண்டாம். டிவியிலிருந்து ஏவிஆருக்குத் திரும்பிப் போகவேண்டிய சத்தமும் கன்சோலுடையது மட்டும்தான்.

செட்டாப் பாக்ஸையும் ஸ்ட்ரீமிங் பாக்ஸையும் ஏவிஆரின் இன்புட்டுகளில் செருகுங்கள். பழைய ஏவிஆர்களில் எல்லா இன்புட்டிலும் எச்டிசிபி 2.2 (4கே படத்துக்கான நகல் தடுப்புப் பூட்டு) இருக்காது, அது இல்லாத துளையில் ஸ்ட்ரீமிங் பாக்ஸைப் போட்டால் 4கே வராமல் 1080-இல் நிற்கும், அல்லது திரை கறுப்பாகும். ஏவிஆரின் எச்டிஎம்ஐ அவுட்டிலிருந்து டிவியில் 'ஏஆர்சி' என்று எழுதியிருக்கும் துளைக்கு ஒரே கம்பி. கன்சோலின் 4கே 120 ஹெர்ட்ஸ் ஏவிஆரின் 18 ஜிபிபிஎஸ்ஸில் அடங்காது, அதனால் அது மட்டும் நேராக டிவியின் 120 ஹெர்ட்ஸ் துளைக்கு, அல்ட்ரா ஹை ஸ்பீடு (48 ஜிபிபிஎஸ்) கம்பியில். மற்ற இடங்களுக்கு பிரீமியம் ஹை ஸ்பீடு (18 ஜிபிபிஎஸ்) போதும். அவசியமில்லாமல் நீளமான கம்பி வாங்காதீர்கள். நீளம் கூடக் கூடத்தான் மினுக்கலும் கறுப்புத் திரையும்.

ஆப்டிகல் கம்பியைக் கழற்றிவிடுங்கள். அதில் சத்தம் மட்டும்தான் போகும், கட்டளை போகாது. வால்யூமுக்கென்று தனி ரிமோட் தேவைப்பட்டதே அதனால்தான்.

பிறகு டிவி, ஏவிஆர், ஸ்ட்ரீமிங் பாக்ஸ் மூன்றிலும் சிஇசியை (ஒரு சாதனத்தின் கட்டளை எச்டிஎம்ஐ கம்பி வழியே மற்றதற்குப் போகும் வசதி) ஆன் செய்யுங்கள். ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒரு செல்லப்பெயர் வைத்திருக்கிறது: சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். கன்சோலில் சிஇசியை அணைத்தே வையுங்கள். அது அப்டேட்டுக்காக விழித்தாலே டிவியை எழுப்பி, பார்த்துக்கொண்டிருக்கும் இன்புட்டை மாற்றிவிடக்கூடும். சாதனங்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாவிட்டால் எல்லா பிளக்கையும் பிடுங்கி இரண்டு நிமிடம் விட்டு, டிவி, ஏவிஆர், பிறகு மற்றவை என்ற வரிசையில் போடுங்கள். ரீஸ்டார்ட் இதற்குப் போதாது. ஸ்டாண்ட்பையிலும் சிஇசி முகவரிகள் அப்படியே இருக்கும்.

---

திரைமறைவு:

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். உண்மைதான். ஏசிஆர் என்ற நுட்பம், திரையில் ஓடும் படத்திலிருந்தோ சத்தத்திலிருந்தோ சிறு மாதிரி எடுத்து, அதைக் கைரேகைபோலச் சுருக்கி சர்வருக்கு அனுப்பி, என்ன நிகழ்ச்சி என்று கண்டுபிடிக்கிறது. திரைக்கு வந்த பிறகு எடுப்பதால் எச்டிஎம்ஐ வழியே செட்டாப் பாக்ஸிலிருந்து வரும் படத்தையும் அதனால் கண்டுபிடிக்க முடியும். 2017-இல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசியும் நியூஜெர்சி மாநிலமும் தொடுத்த வழக்கில் டிவி கம்பெனியான விசியோ 22 லட்சம் டாலர் கட்டியது இந்த விவகாரத்துக்குத்தான். சுமார் 1.1 கோடி டிவிகளில், பார்ப்பவர் சம்மதம் இல்லாமல் தகவல் எடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு.

நெட் இல்லாத டிவி எதையும் அனுப்ப முடியாது. ஏற்கெனவே வைஃபையில் சேர்த்திருந்தால் பாஸ்வேர்டை மறக்கச் சொல்வதோடு நிறுத்தாமல் ஃபேக்டரி ரீசெட் செய்து, அமைக்கும்போது நெட்வொர்க் பகுதியைத் தாண்டிவிடுங்கள். கூகுள் டிவி என்றால் தொடக்கத்திலேயே 'பேசிக் டிவி' என்று கேட்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். எச்டிஎம்ஐ கம்பி வழியாகவே டிவி நெட்டுக்குப் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. எச்டிஎம்ஐ 1.4-இல் அப்படி ஒரு ஈதர்நெட் வழி சேர்த்தார்கள்தான். சந்தையில் அதை யாரும் சீண்டவில்லை.

நெட் வேண்டும் என்கிறவர்கள் அணைக்கவேண்டியவை: சாம்சங்கில் வியூவிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ், எல்ஜியில் லைவ் பிளஸ், சோனியில் சாம்பா இன்டராக்டிவ் டிவி. பெரிய அப்டேட்டுக்குப் பிறகு திரும்பப் போய்ப் பாருங்கள். புதிய ஒப்பந்தத் திரையில் 'எல்லாம் சம்மதம்' என்று ஒரு தட்டுத் தட்டினால் பழைய கதைதான். டிஎன்எஸ் தடுப்பை (குறிப்பிட்ட சர்வர்களின் முகவரி டிவிக்குக் கிடைக்காமல் செய்வது) மட்டும் நம்பவேண்டாம். ரூட்டரில் வைத்த டிஎன்எஸ்ஸைச் சட்டைசெய்யாத சாதனங்கள் உண்டு.

ஸ்ட்ரீமிங் பாக்ஸ் ஒன்றும் சாமியார் இல்லை. அதில் பார்ப்பது அந்தக் கம்பெனிக்கும் ஆப்காரர்களுக்கும் தெரியத்தான் செய்யும். விளம்பர ஐடியை ரீசெட் செய்து, தனிப்பயன் விளம்பரத்தை அணையுங்கள். ஆனால் செட்டாப் பாக்ஸிலும் கன்சோலிலும் ஓடுவது அதற்குத் தெரியாது. லாபம் அவ்வளவுதான், ஆனால் அது சின்ன லாபம் இல்லை.

---

ஒலிப்பெட்டி:

மேலே சொன்னதெல்லாம் சரி. விட்டுப்போனவை சில.

நெட் இல்லாவிட்டாலும் டிவி ஃபர்ம்வேர் (டிவிக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட் அவசியம். இஏஆர்சி, 120 ஹெர்ட்ஸ் கோளாறுகளை அதில்தான் சரிசெய்கிறார்கள். கம்பெனி தளத்தில் உங்கள் மாடல் எண்ணுக்கான கோப்பை இறக்கி, ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் போட்டு ஏற்றலாம். மாடல் எண் கடைசி எழுத்துவரை ஒத்துப்போக வேண்டும்.

செட்டாப் பாக்ஸில்தான் ஒரே ரிமோட் கனவு உடையும். பெரும்பாலான பாக்ஸ்களில் சிஇசி கிடையாது, ஏவிஆர் தானாக அந்த இன்புட்டுக்கு வராது. அதன் ரிமோட்டில் 'லேர்னிங்' பட்டன்கள் இருந்தால் ஏவிஆரின் வால்யூமையும் இன்புட் பட்டனையும் அதற்குக் கற்றுக்கொடுங்கள். பவர் பட்டனைக் கற்றுக்கொடுக்காதீர்கள். ஆன், ஆஃப் இரண்டுக்கும் ஒரே குறியீடு என்பதால் ஒன்று எரிய இன்னொன்று அணையும்.

பெரியவர்கள் செய்தி மட்டும் பார்க்க ஏவிஆர் எதற்கு? அதில் 'ஸ்டாண்ட்பை பாஸ்த்ரூ'வை ஆன் செய்தால், அது அணைந்திருந்தாலும் படமும் சத்தமும் டிவிக்குப் போகும். ஸ்டாண்ட்பை மின்செலவு கொஞ்சம் கூடும்.

---

நாலுரிமோட்:

எல்லாம் மாற்றியாயிற்று. இரண்டு ரிமோட்டில் நிற்கிறது. ஆனால் கன்சோல் சத்தம் ஏவிஆரில் ஸ்டீரியோவாகத்தான் வருகிறது. ஸ்ட்ரீமிங் பாக்ஸில் 5.1 சரியாக இருக்கிறது.

---

ஒலிப்பெட்டி:

கன்சோல் மல்டிசேனல் பிசிஎம் (சுருக்காத சத்தம்) அனுப்புகிறது. ஏஆர்சிக்குள் பிசிஎம் என்றால் இரண்டு சேனல்தான் நுழையும், 5.1 போகவேண்டுமானால் டால்பி டிஜிட்டலாகச் சுருக்கித்தான் போகும். கன்சோலின் ஆடியோ ஃபார்மேட்டை டால்பிக்கு மாற்றுங்கள். டிடிஎஸ் வேண்டாம், பல டிவிகள் அதைக் கடத்துவதில்லை. பிறகு டிவியில் டிஜிட்டல் அவுட்புட்டை 'பாஸ்த்ரூ' அல்லது 'ஆட்டோ'வில் வையுங்கள், 'பிசிஎம்'மில் விடாதீர்கள். சுருக்கி விரிப்பதில் சத்தம் லேசாகப் பின்தங்கும். உதட்டசைவு ஒட்டாமல் போனால் டிவியின் ஆடியோ டிலேயைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள்.