வன்னிச் சாப்பாட்டுக் கடை விளையாட்டு: ஓடரைப் படமாகக் காட்டலாமா, பேச்சாகவே விடலாமா?

இரணைமடு_அலை:
வணக்கம். கிளிநொச்சியில் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருக்கிறோம். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்தில், ஏ9 வீதியோரம் ஒரு சாப்பாட்டுக் கடை. விளையாடுபவர்தான் முதலாளி, அவருக்குத் தமிழ் மட்டும் தெரியும். தேங்காய் உடைக்க, கச்சான் வாங்க என்று வாகனங்கள் நிற்கும். கொழும்பு பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களில் பலர் சிங்களத்தில் ஓடர் சொல்வார்கள். திரையில் மொழிபெயர்ப்பு வராது. சைகை, குரல், கை காட்டும் திசை ஆகியவற்றை வைத்து ஊகித்து, பஸ் ஹோர்ன் அடிக்கும் முன் பரிமாற வேண்டும். சரியாகக் கொடுத்தால் அந்தச் சொல் சிங்கள எழுத்திலேயே கடைக் கொப்பியில் ஏறும்.

எங்களுக்குள் இப்போது இழுபறி. வாடிக்கையாளரின் தலைக்கு மேல் உணவுப் படத்தைப் போடலாம் என்கிறார்கள் சிலர். போட்டால் விளையாட்டின் உயிரே போய்விடும் என்கிறேன் நான். உங்கள் கருத்து?

ஏ9_பயணி:
படம் போடுங்கள். 2016இல் வந்த ஓவர்குக்ட் விளையாட்டில் ஓடர்கள் திரையின் மேலே படமாகத்தான் வரும். எந்த நாட்டுப் பிள்ளையும் கையில் எடுத்தவுடன் விளையாடலாம். அங்கே தடையாக இருப்பது மொழி அல்ல, சமையலறை: ஓடும் லொறிகளில் சமைக்க வேண்டும், வழுக்கும் பனிக்கட்டியில் தட்டோடு ஓட வேண்டும்.

மொழியை ஊகிக்க வைக்கும் விளையாட்டும் இருக்கிறது. 2023இல் வந்த சான்ட்ஸ் ஒஃப் செனார். தெரியாத எழுத்துகளைப் பார்த்து ஊகத்தைக் குறிப்பேட்டில் எழுதுவோம். சில சொற்கள் சேர்ந்து படங்களோடு சரியாகப் பொருந்தினால்தான் உறுதியாகும். ஆனால் ஊகிக்கும் நேரத்தில் கடிகாரம் துரத்தாது. நிதானமாக யோசிக்கும் வேலையையும் அவசரமாகக் கொத்துப் போடும் வேலையையும் ஒரே அடுப்பில் ஏற்றினால் இரண்டும் கருகும்.

மாங்குளம்_அக்கா:
தம்பிமாரே, நான் வீடியோ கேம் விளையாடுகிறவள் அல்ல. மாங்குளத்தில் கடை நடத்தியவள். போர் முடிந்து பாதை திறந்த பிறகு, நயினாதீவு விகாரைக்குப் போகும் சிங்கள யாத்திரிகர்கள் பஸ் பஸ்ஸாக எங்கள் வாசலில் இறங்கினார்கள். எனக்குச் சிங்களம் தெரியாது.

நீங்கள் இருவருமே தடையைத் தவறான இடத்தில் வைக்கிறீர்கள். சாப்பாட்டுப் பெயரில் எங்களுக்குக் கஷ்டமே இருக்கவில்லை. பிளேன்டீ, கொத்து, பராட்டா, வடை, பருப்பு எல்லாம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே பெயர்தான். மேசையில் ரோல்ஸும் வடையும் ஒரு தட்டில் நிறைத்து வைத்தால், சாப்பிட்டதற்கு மட்டும் காசு என்பது காலியிலிருந்து வருபவருக்கும் தெரியும். அதற்குப் பேச்சே வேண்டாம்.

கஷ்டம் அதற்குப் பிறகு வரும். ஒரு முறை ஒரு வயதான அம்மா வெள்ளைச் சேலையோடு வந்து உட்கார்ந்தார். சோறு வைத்தேன். சம்பலைத் தொட்டுக் காட்டி ஏதோ கேட்டார். உறைப்பைப் பற்றிக் கேட்கிறார் என்று சொதியை எடுத்தேன், தலையாட்டி மறுத்தார். கடைசியில் விரல்களைக் குவித்து மீன் நீந்துவதுபோல் கையை அசைத்தார். அன்று போயா நாள், பௌத்தர் பலர் மீன், இறைச்சி தவிர்க்கும் பௌர்ணமி. சம்பலில் மாசிக் கருவாடு போட்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி. நாங்கள் போடுவதில்லை. இல்லை என்று கையை விரித்தேன். இரண்டாம் முறையும் சம்பல் வாங்கிச் சாப்பிட்டார்.

மச்சம் (மீன், இறைச்சி) வேண்டாம், பிள்ளைக்கு உறைப்புக் குறைய, அவருக்கு நீரிழிவு, தேநீருக்குச் சீனி வேண்டாம். இதையெல்லாம் தலைக்கு மேல் எப்படிப் படமாகப் போடுவீர்கள்? சோற்றுத் தட்டின் படம் வரும், அந்த அம்மாவின் கேள்வி வராது.

வட்டக்கச்சி_வயல்:
அக்கா சொன்னது அழகு. ஆனால் எனக்கு இந்த விளையாட்டின் அடித்தளமே பிடிக்கவில்லை. ஏன் ஊகிக்கும் பாரம் முழுவதும் தமிழ்க் கடைக்காரர் தலையில்? 1956இல் சிங்களம் மட்டும் என்ற சட்டம் வந்தது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அதன் பிறகும், என் தந்தையின் காணி பற்றி ஓர் அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் முழுக்கச் சிங்களத்தில் இருந்தது. அதைப் படித்துச் சொல்ல ஆள் தேடி அலைந்தோம். வன்னியில் ஊகிப்பது எங்களுக்குப் பொழுதுபோக்கு அல்ல. வாடிக்கையாளரின் மொழியைக் கற்றால் பரிசு, கற்காவிட்டால் நட்டம் என்று சொந்த மண்ணிலேயே ஒரு விளையாட்டுச் செய்து எங்கள் பிள்ளைகள் கையில் கொடுக்கப் போகிறீர்களா? வருகிறவரும் தடுமாறட்டும். அவரும் ஒரு சொல் கற்கட்டும்.

இரணைமடு_அலை:
வயல் அண்ணை, இந்தக் கேள்வியை நாங்கள் போதுமான அளவு யோசிக்கவில்லை என்பது உண்மை. ஒருமுறை வந்து போகும் யாத்திரிகரை மாற்ற முடியாது. ஆனால் தூர பஸ் சாரதியும் நடத்துநரும் வழக்கமாக ஒரே கடையில்தான் நிறுத்துவார்கள். அவர்களுக்கும் ஒரு கொப்பி வைக்கலாம். நீங்கள் தமிழில் பதில் சொல்லச் சொல்ல அவர்களும் கற்பார்கள். பிறகு பஸ்ஸில் வந்தவர்களுக்காக அவர்களே தமிழில் ஓடர் சொல்வார்கள். சிங்களத்தில் மட்டும் பேசி முடிப்பதைவிடத் தமிழையும் கலந்து பேசினால்தான் கடை நிறையும் என்று வைக்கலாம்.

படம் பற்றி என் நிலை மாறவில்லை. அக்காவின் அனுபவம் என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது.

ஏ9_பயணி:
அக்கா சொன்னதைப் பாதி ஏற்கிறேன். உணவுப் பெயருக்குப் படம் போடுங்கள், மாசிக் கேள்விக்கு வேண்டாம். ஆனால் காது கேளாதவர் எப்படி விளையாடுவார்? தமிழ் பேசத் தெரிந்து எழுதப் படிக்கத் தெரியாத கனடாப் பிள்ளை? டொரொன்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட வெண்பாவைப் பாருங்கள். 1988இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம், சிதைந்துபோன சமையல் குறிப்புப் புத்தகம், இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்ற புதிர். தமிழே தெரியாதவர்களும் அதை விளையாடினார்கள். அங்கே கடிகாரமும் இல்லை. உங்கள் விளையாட்டில் பஸ் ஹோர்ன் அடித்தவுடன் வாடிக்கையாளர் எழுந்து போய்விடுவார் என்றால், முதல் நாளிலேயே பலர் மூடிவிட்டுப் போவார்கள்.

எழுத்துரு_வேலை:
ஒரு குறுக்கீடு. சிங்கள எழுத்தின் வடிவத்தைப் பார்த்து நினைவில் வைக்கச் சொல்கிறீர்கள். விளையாட்டு இயந்திரங்கள் (வீடியோ கேம் செய்யும் மென்பொருள்கள்) சில ‘கொத்து’ என்பதில் உள்ள கொம்பை ககரத்துக்கு முன்னால் போடாமல் பின்னால் தள்ளிவிடும். சிங்களத்திலும் இதே சிக்கல் உண்டு. கொப்பியில் சொல் பிழையாக வந்தால் ஆட்டக்காரர் பிழையான எழுத்தையே கற்பார். கோடோ என்ற இயந்திரத்தின் 4ஆம் பதிப்பு, 2023இல் வெளிவந்ததிலிருந்து இந்த எழுத்துச் சேர்க்கையை ஒழுங்காகக் கையாளுகிறது. முதலில் அதைச் சரிபாருங்கள்.

மாங்குளம்_அக்கா:
ஹோர்னை எடுக்காதீர்கள். பஸ் கிளம்பப் போகிறது என்ற பதற்றத்தில்தான் ஆட்கள் கையைக் காலை ஆட்டிப் பேசுவார்கள். ஆனால் ஓடர் தவறினால் அவரைக் கோபத்தோடு அனுப்பிவிடாதீர்கள். பார்சலாகக் கட்டிக் கொடுக்க ஒரு வாய்ப்பு வையுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

வட்டக்கச்சி_வயல்:
நடத்துநருக்குக் கொப்பி என்பது நல்ல தொடக்கம், போதாது. சிங்களம் மட்டும் தெரிந்தவர் முதலாளியாக இருந்து, தமிழ் வாடிக்கையாளர்களைப் புரிந்துகொள்ளத் திணறும் ஒரு கடையையும் வையுங்கள். அநுராதபுரத்தில் வையுங்கள். அது வரும்வரை நான் எதிர்ப்பேன்.

ஏ9_பயணி:
அலை, சோதனைப் பதிப்பில் இரண்டு வகையையும் போடுங்கள்: பெயருக்குப் படம் உள்ளது, எதற்கும் படம் இல்லாதது. என் தங்கைக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. அவளிடம் இரண்டையும் கொடுத்து, எதை அவள் விடாமல் விளையாடுகிறாள் என்று இங்கே எழுதுகிறேன். அநுராதபுரக் கடைக்கு என் வாக்கும் உண்டு.