பகிர்ந்த பகிர்வு: சனிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

வியாசர்பாடியிலிருந்து:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஞாயிறு வகுப்புக்கான எட்டுப் பக்கக் கையேடு சனிக்கிழமை மாலை ஜெராக்ஸ் கடைக்குப் போக வேண்டும். வன்தட்டைப் பிரித்த ஒவ்வொரு கூறையும் குறிக்கும் 'பார்ட்டிஷன்' என்ற ஒரே சொல்லுக்குத் தமிழ் தேடித் தடுமாறி நிற்கிறேன்.

எங்கள் கணினிகளில் 500 ஜிபி வன்தட்டு இருக்கிறது. அதில் டெபியன், ஃபெடோரா என்ற இரண்டு லினக்ஸ் இயங்குதளங்களை அருகருகே நிறுவக் கற்றுக்கொடுக்கிறேன். இரண்டுக்கும் தனித்தனி இடம், நினைவகத்துக்குத் துணையான ஸ்வாப்புக்கு ஓர் இடம், மாணவர்களின் பாடங்களும் படங்களும் இருக்க இரண்டிலிருந்தும் திறக்கக்கூடிய ஓர் இடம். பயனரின் சொந்தக் கோப்புறையான ஹோம் அடைவையே பொதுவாக வைத்தால் ஒன்றின் அமைப்புக் கோப்புகளை மற்றொன்று மாற்றி எழுதிக் குழப்பிவிடும். ஆகவே தரவுக்கு மட்டும் பொது இடம்.

பார்ட்டிஷனுக்குச் சென்ற முறை 'பகிர்வு' என்று எழுதியிருந்தேன். பொதுத் தரவின் இடம் 'பகிர்ந்த பகிர்வு' ஆயிற்று. 'பகிர்வைத் துடைத்துவிட்டு நிறுவுக' என்ற வரியைப் படித்த மாணவி, எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் இடத்தைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து அதையே துடைத்துவிட்டாள். ஒரு பருவம் முழுக்கச் செய்த வேலை போயிற்று. அவள் தமிழைச் சரியாகத்தான் படித்தாள். அதனால்தான் கேட்கிறேன்: வேறு சொல் தாருங்கள்.

திருவொற்றியூரிலிருந்து:

தம்பிக்கு,

அந்தப் பெண் படித்ததில் பிழையே இல்லை. 'பகு' என்ற அடி இரண்டு வேலையும் செய்கிறது. கூறாக்குவதும் பகுத்தல், கூறாக்கிப் பிறருக்குத் தருவதும் பகுத்தல். 'பகுத்துண்டு பல்லுயிர் ஓம்புதல்' என்ற குறளில் (322) இரண்டும் ஒன்றாகவே நிற்கின்றன. பகல், பங்கு, பாதி, பால் எல்லாம் இந்தக் குடும்பமே. பகலை இரண்டாகப் பிரிக்கும் நண்பகலுக்கும் 'பகல்' என்ற பெயர் உண்டு. நுகத்தின் நடுவில் நிற்கும் ஆணி பகலாணி. சொல்லிக்கொண்டே போகலாம்.

ஆகவே அடியையே மாற்றுங்கள். 'வகு' இருக்கிறது. வகை, வகுப்பு, தலையில் எடுக்கும் வகிடு. வகிர்தல் என்றால் நீளவாக்கில் பிளத்தல். மாவடுவின் வகிரைக் கண்ணுக்கு உவமை சொன்னவர்கள் நம் புலவர்கள். 'வகிர்வு' என்று எழுதுங்கள். நீங்கள் நடத்தும் வகுப்பும் அதே அடிதான்.

தண்டையார்பேட்டையிலிருந்து:

ஐயா மன்னிக்க வேண்டும். வகிர்வு என்ற சொல்லை எங்கள் தெருவில் எவரும் கேட்டதில்லை. 'பகுதி' போதாதா? வட்டின் முதல் பகுதி, இரண்டாம் பகுதி. அகராதியைத் திறக்காமலே புரியும். புரியாத தூய சொல்லால் பிள்ளைகளை விரட்டுவதைவிட 'பார்ட்டிஷன்' என்றே எழுதிவிடலாம். காசிமேட்டில் மீனைக் கூறு கட்டி விற்கிறார்கள். 'கூறு' கூட எனக்குச் சம்மதம்.

திருவொற்றியூரிலிருந்து:

'பகுதி' எதற்குத்தான் இல்லை? தொலைவிலுள்ள பகுதி, நூலின் பகுதி, வார்டின் பகுதி. போதாக்குறைக்கு இலக்கணத்தில், பிரிக்கக்கூடிய சொல்லான பகுபதத்தின் முதல் உறுப்பும் பகுதி. நன்னூலார் சொல்லும் அந்தப் பகுதியும் விகுதியும் பிரகிருதி, விகிருதி என்ற வடசொற்களின் தமிழ் வடிவம் என்போர் உண்டு. தொகு, தொகுதி, மிகு, மிகுதி என்பதுபோலப் பகு, பகுதி என்பதே நேர்வழி என்பது என் முடிவு. ஆனால் சொல்லின் வேரைக் குறிக்கும் சொல் வட்டின் துண்டுக்கும் வந்தால், தமிழும் கணினியும் சேர்ந்து படிக்கும் பிள்ளை என்ன செய்யும்?

எண்ணூரிலிருந்து:

ஐயாவுக்கும் வியாசர்பாடித் தம்பிக்கும் வணக்கம். நான் குழுவில் அதிகம் எழுதுவதில்லை.

என் அம்மா அத்திப்பட்டுப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்தவர். எனக்கு இந்தப் பேச்சைப் படித்ததும் 'பாத்தி'தான் நினைவுக்கு வந்தது. ஒரே நிலம். வரப்பு போட்டால் பல பாத்திகள். வரப்பை நகர்த்திப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம். நிலத்தின் அளவு மாறாது. பார்ட்டிஷன் செய்வதும் இதுதானே? வினையும் கையில் இருக்கிறது: பாத்தி கட்டுதல். 'வட்டில் நான்கு பாத்தி கட்டுக' என்றால் செய்ய வேண்டியது கண்ணில் தெரிகிறது. குறளிலும் உண்டு: 'வளர்வதன் பாத்தியுள் நீர்சொரிந் தற்று' (718).

இன்னொன்று. பெரிய பாத்தியில் வெயிலில் வற்றிய நீரைச் சிறு பாத்திக்கு விடும்போது வரப்பில் வாய் வெட்டுவார்கள். வேலை முடிந்ததும் சேற்றை வைத்து அடைப்பார்கள். ஒரு பார்ட்டிஷனை ஓர் அடைவோடு இணைத்துத் திறக்கும் 'மவுண்ட்' செய்வதை 'மடை திறத்தல்' என்றும், எடுத்துவிடுவதை 'மடை அடைத்தல்' என்றும் சொல்லலாமே.

பெரம்பூரிலிருந்து:

பாத்தி நன்றாக இருக்கிறது, அக்கா. ஆனால் மடையை ஏற்க முடியவில்லை. மவுண்ட் செய்தால் தரவு எங்கும் ஓடி வருவதில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஓர் அடைவின் வழியாக நமக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். மடை என்று படித்த மாணவன் கோப்புகள் இரண்டு இடத்திலும் நிரம்பும் என்று நினைப்பான். இன்னொரு விபத்துக்கு வழி வேண்டாம்.

எந்தச் சொல்லானாலும் அடைமொழி தாங்குகிறதா என்று பாருங்கள். வட்டின் பாத்திகளைப் பட்டியலிடும் பழைய எம்பிஆர் முறையில் முதன்மைப் பாத்தி நான்குதான். அதற்கு மேல் வேண்டுமானால் ஒன்றை விரிவுப் பாத்தியாக்கி, உள்ளே சிறு பாத்திகள் கட்ட வேண்டும். லினக்ஸில் அவற்றின் எண் 5-இல் தொடங்கும். புதிய ஜிபிடி முறையில் வழக்கமாக 128 வரை இடம் உண்டு. பாத்தி இவற்றைத் தாங்குகிறது.

கையேட்டில் இரண்டு செய்திகளையும் மறக்காமல் சேருங்கள், தோழர். கோப்பின் உரிமை பெயரால் பதிவதில்லை, எண்ணால் பதிகிறது. இரண்டு இயங்குதளங்களிலும் பயனரின் எண் ஒன்றாக (முதல் பயனருக்கு வழக்கமாக 1000) இருந்தால்தான் பொதுத் தரவைத் தடையின்றி எழுத முடியும். ஸ்வாப்பைப் பொதுவாக வைத்தால், டெபியனின் நினைவகத்தை வட்டில் எழுதி உறங்கவைத்துவிட்டு ஃபெடோராவைத் தொடங்கக் கூடாது. உறங்கும் நினைவு அழிந்துவிடும். சொல்லைவிட இவையே என்னைப் பயமுறுத்துகின்றன.

வியாசர்பாடியிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. நேரமாகிவிட்டது. இரவு மாணவர்கள் சிலரிடம் இந்தச் சொற்களை எழுதிக் காட்டினேன். வகிர்வைப் பாதிப் பேர் 'பகிர்வு' என்றே வாசித்தார்கள். வ-வும் ப-வும் எங்கள் மங்கிய ஜெராக்ஸில் ஒன்றுபோல் விழுகின்றன. ஐயா, சொல்லின் வேர் நன்றாக இருந்தும் தாளில் அது பழைய விபத்தையே அழைத்துவருகிறது. பாத்தி என்றதும் ஒருவன் தன் பாட்டியின் கீரைப் பாத்தியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டான்.

பாத்தி என்றே அச்சிடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் 'பார்ட்டிஷன்' துணைக்கு நிற்கும். தரவு இருப்பது 'பொதுப் பாத்தி'. துடைக்க வேண்டிய பாத்தியின் எண்ணை ஒவ்வொரு வரியிலும் எழுதுகிறேன். மவுண்டுக்கு ஒன்றும் முடிவாகவில்லை. 'ஏற்றுதல்' என்று வைத்துக்கொள்கிறேன். எண்ணூர் அக்கா வருத்தப்பட வேண்டாம்.

திருவொற்றியூரிலிருந்து:

அச்சிடுங்கள், தம்பி. தடுக்கவில்லை. ஆனால் என் உடன்பாடின்மையைப் பதிவு செய்கிறேன். பாத்தியும் 'பகு' வீட்டுப் பிள்ளைதான். குறள் 227 'பாத்தூண் மரீஇ யவனை' என்கிறது. பாத்தூண் என்றால் பகிர்ந்து உண்ணும் உணவு. எதிலிருந்து தப்பிக்க ஓடினீர்களோ அதே பொருள் இந்தச் சொல்லுக்குள்ளும் இருக்கிறது. பிள்ளைகள் காதில் அது இன்று விழாமல் இருக்கலாம். அடுத்த பதிப்புக்குத் தெளிவான எழுத்துருவும் நல்ல ஜெராக்ஸும் கிடைத்தால், வகிர்வை மறுபடியும் எடுத்துப் பாருங்கள்.