தரவட்டை, தரவுக்குச்சி, தரவுமடை: ஒரு முன்மொழிவு

குழும அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகக்கூடிய, சிம் அட்டையைப் போட்டுவிட்டால் சுற்றியிருக்கும் நான்கைந்து கைப்பேசிகளுக்கு இணையம் தருகிற சிறு பெட்டிக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று ஓசூர் நண்பர் சென்ற வாரம் கேட்டிருந்தார். உடனே எழுதாமல் காத்திருந்தேன். அப்பெட்டியை நாள்தோறும் பயன்படுத்துபவர்களிடம் கேட்டுவிட்டு எழுதலாம் என்பதே காரணம்.

பல்தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னணுவியல் கற்பித்து ஓய்வு பெற்ற நான், இப்போது தருமபுரியில் இருந்துகொண்டு, சந்தூர்ப் பகுதி மாங்கன்றுப் பண்ணைக்காரர்களுக்கும் மாம்பழ மண்டிக்காரர்களுக்கும் இணையப் பயன்பாடு பற்றிய கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மண்டி ஒன்றில் கணக்குப் பார்க்கும் இளைஞர் இத்தகைய பெட்டி ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தார். அதனுடன் வந்த தமிழ்த் தாளில் ‘சூடான இடத்தை இயக்கவும்’ என்று அச்சிட்டிருந்தார்கள். பெட்டி சூடாகிவிட்டது என்பதற்கான எச்சரிக்கை அது என்று எண்ணி, கையில் எடுத்த போதெல்லாம் அவர் அதை அணைத்து வைத்திருக்கிறார். லாரி நின்றுகொண்டிருக்க, பில் போட முடியாமல் ஒரு பிற்பகல் முழுவதும் கழிந்தது. இணையத்தைப் பிற கருவிகளோடு பகிர்வதைக் குறிக்கும் ‘ஹாட்ஸ்பாட்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் வந்த இழப்பு இது. கலைச்சொல் என்பது அகராதியை நிரப்புவதற்கான வேலை அன்று, பயன்படுத்துபவரின் கையில் கருவி இயங்க வேண்டும் என்பதற்கான வேலை என்று நான் உறுதியாக எண்ணத் தொடங்கியது அன்றுதான்.

பெயரைத் தேடுவதற்கு முன் பொருளின் வரலாற்றைப் பார்த்துவிடுவது நல்லது. அதற்கு ஒரே நிறுவனத்தை எடுத்துக்கொண்டால் போதும். அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் 1996-இல் தொடங்கிய நோவாடெல் வயர்லெஸ், கம்பியில்லாத் தரவுக் கருவிகளையே தன் தொழிலாகக் கொண்டிருந்தது. பாம் கையடக்கக் கணினியின் முதுகில் பொருத்தும் ‘மின்ஸ்ட்ரல்’ என்ற மோடத்தை முதலில் செய்தார்கள். பழைய அனலாக் கைப்பேசி வலையில் பேச்சு ஓடாத இடைவெளிகளில் தரவை அனுப்பும் முறையில் அது இயங்கியது. அம்முறையின் உச்ச வேகமே நொடிக்கு 19.2 கிலோபிட்தான். (மின்ஸ்ட்ரல் என்றால் பாணன். அதியமானின் தகடூரில் இருந்து எழுதும் எனக்கு, செய்தியைச் சுமந்து ஊர் ஊராகச் செல்லும் கருவிக்குப் பாணன் பெயரை வைத்தது பிடித்திருக்கிறது.) அடுத்து மடிக்கணினியின் பக்கவாட்டுத் துளையில் செருகும் ‘மெர்லின்’ அட்டைகளும், யூஎஸ்பி முனையில் செருகும் ‘ஒவேஷன்’ குச்சிகளும் வந்தன. 2009-இல், ஓசூர் நண்பர் கேட்ட வகைப் பெட்டியான ‘மைஃபை’ விற்பனைக்கு வந்தது.

அட்டை, குச்சி, பெட்டி ஆகிய மூன்றையும் ஒரே பெயரால் அழைக்கலாம் என்று அரூர் அன்பர் எழுதியிருக்கிறார். இதில் நான் அவரிடமிருந்து மாறுபடுகிறேன். அட்டையும் குச்சியும் தாம் செருகப்பட்ட கணினியிடமிருந்தே மின்சாரம் பெற்று, அந்த ஒரு கணினிக்கு மட்டுமே இணையம் தருபவை. மைஃபைக்கோ சொந்த மின்கலம் உண்டு. தொலைவில் உள்ள கோபுரத்தோடு பேச ஒரு வானொலிப் பகுதி, அருகில் உள்ள கருவிகளோடு பேச வைஃபைப் பகுதி என்று இரண்டு அதற்குள் இருக்கின்றன; இரண்டுக்கும் நடுவே திசைவி (ரவுட்டர்) ஒன்று அமர்ந்து, எந்தத் தரவுப் பொட்டலம் எந்தக் கருவிக்கு என்று பிரித்து அனுப்புகிறது. முதலில் வந்த மைஃபையில் ஐந்து கருவிகள் வரை இணையலாம். ஒருவருக்கு வந்ததைப் பலருக்குப் பிரித்துத் தருவதே இப்பெட்டியின் தனித்தன்மை என்னும்போது, பெயரும் அதைத்தான் சொல்ல வேண்டும்.

‘மைஃபை என்றே எழுதிவிடலாமே’ என்ற கருத்தும் குழுமத்தில் வந்தது. நிறுவனத்தின் பெயரையும் அதன் வணிகப் பெயரையும் ஒலிபெயர்த்து எழுதுவதுதான் முறை; அவற்றை மொழிபெயர்க்க நமக்கு உரிமையும் இல்லை, தேவையும் இல்லை. ஆனால் ஒரு வணிகப் பெயரைப் பொருள் வகை முழுவதற்கும் பொதுப்பெயராக ஆக்குவது வேறு செய்தி. நம் ஊர்க் கடைகளில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் யூஎஸ்பி குச்சியை ‘நெட்செட்டர்’ என்றும் ‘ஃபோட்டான்’ என்றும் கேட்டு வாங்கினோம். நெட்செட்டரை விற்ற ஐடியா 2018-இல் வோடஃபோனோடு இணைந்தது. ஃபோட்டானை விற்ற டாட்டாவின் கைப்பேசிச் சேவை 2019-இல் ஏர்டெல்லோடு சேர்ந்தது. இன்றைய மாணவர்களிடம் ஃபோட்டான் என்றால் இயற்பியல் பாடத்து ஒளித்துகளைத்தான் நினைக்கிறார்கள். நோவாடெல் நிறுவனமே 2016-இல் இன்சீகோ என்று பெயரை மாற்றிக்கொண்டது. அதே ஆண்டு வந்த ஜியோஃபையைத்தான் எங்கள் மண்டிகளில் பலர் முதன்முதலாகப் பார்த்தார்கள். ஆகவே வேறு நிறுவனத்தின் பெட்டியையும் அவர்கள் ஜியோஃபை என்றே சொல்கிறார்கள். இப்பெயர்களும் ஒருநாள் மாறும் என்பதால், பொருளைச் சொல்லும் பெயர் ஒன்று நமக்கு வேண்டும்.

முன்வந்த சொற்களில் ‘பகிரலை’ எனக்கு உடன்பாடானது. ஆனால் அது பகிரப்படும் அலையை, அதாவது செயலைக் குறிக்கிறது. கைப்பேசியிலும் பகிரலையை இயக்கலாம் என்பதால், தனிக் கருவி ஒன்றுக்கு அதுவே பெயராகிவிட்டால் குழப்பம் வரும். ‘கையலை’ என்பது கைக்கும் அலைக்கும் உள்ள உறவைச் சொல்லாமல் நிற்கிறது. மோடத்துக்கு வழங்கும் ‘இணக்கி’யை இங்கே நீட்டுவதும் பொருந்தாது, ஏனெனில் இப்பெட்டியின் உள்ளே இணக்கி ஓர் உறுப்பு மட்டுமே. பென்னாகரத்து ஆசிரியை அவர்கள் தந்த ‘இணைய ஊற்று’ அழகான சொல்தான், ஆனாலும் ஊற்று தன்னிடத்திலேயே சுரப்பது. இப்பெட்டியில் எதுவும் சுரப்பதில்லை. கோபுரத்திலிருந்து வரும் ஓட்டத்தை அது வாங்கித் திருப்பிவிடுகிறது.

அந்தச் செயலுக்கு எங்கள் ஏரிப்பாசனத்தில் பழைய சொல் இருக்கிறது. ஏரிக்கரையில் கட்டப்பட்டிருப்பது மதகு. அதன் வழியே வாய்க்காலில் வரும் நீரைத் தன் வயலுக்குத் திருப்ப உழவர் மண்வெட்டியால் வெட்டித் திறப்பது மடை. எனவே இப்பெட்டியைத் ‘தரவுமடை’ என்று அழைக்கலாம் என முன்மொழிகிறேன். இச்சொல்லோடு வினைகளும் தாமாகவே வந்துவிடுகின்றன என்பது எனக்கு மிகப் பெரிய நன்மையாகப் படுகிறது. ‘மடையைத் திற’ என்றால் இயக்கு, ‘மடையை அடை’ என்றால் நிறுத்து. மண்டியில் இதை விளக்கியபோது, பெட்டியைத் தொட்டே பார்த்திராத முதியவர் ஒருவர், ‘ஒரு ஆளு படம் பாத்தா மத்தவங்களுக்குத் தண்ணி எட்டாது, கடைமடைக்காரன் கதைதான்’ என்றார். ஐந்து பேர் ஒரே ஓட்டத்தைப் பங்கிடும்போது வேகம் குறைவதை நான் வகுப்பில் அரை மணி நேரம் விளக்கியதுண்டு. அவர் அதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

இதற்கு எழக்கூடிய தடைகளையும் எண்ணிப் பார்த்தேன். மடையில் நீர் ஒரு பக்கமாகவே போகும், தரவோ இரு பக்கமும் போய்வரும் என்று ஓசூர் நண்பர் தனிமடலில் சுட்டியது சரியான குறை. ஆயினும் ஒரு பெயர் பொருளின் எல்லா இயல்பையும் சொல்வதில்லை, முதன்மையான இயல்பைச் சொன்னால் போதும்; திசைவியும் திசை காட்டுவதோடு நின்றுவிடுவதில்லை. ‘மடை’ என்றாலே வசைச்சொல் ஒன்று நினைவுக்கு வருகிறதே என்று மற்றொருவர் தயங்கினார். மடைப்பள்ளி, கடைமடை, மடைமாற்றம் ஆகியவற்றைச் சொல்லும்போது நமக்கு அந்தத் தயக்கம் வருவதில்லை என்பதால் இங்கும் அது வேண்டியதில்லை. நகரத்துப் பிள்ளைகளுக்கு மடை தெரியாது என்பதை மட்டும் என்னால் முழுமையாக மறுக்க முடியவில்லை. ஆனால் காவிரி நீர் கடைமடைக்கு வந்தது, வரவில்லை என்று ஆண்டுதோறும் செய்தியில் கேட்கிறார்கள். அந்தப் பிடிமானம் போதும் என்று நம்புகிறேன்.

மற்ற இரண்டுக்கும் அதே வேரிலிருந்து பெயர் அமைக்கலாம். செருகும் அட்டை ‘தரவட்டை’. டாங்கிள் எனப்படும் யூஎஸ்பி குச்சி ‘தரவுக்குச்சி’. தரவு, அட்டை என்னும் இரண்டும் சேரும்போது ‘தரவுவட்டை’ என்றோ ‘தரவு அட்டை’ என்று பிரித்தோ எழுத வேண்டாமா என்று கேட்கப்பட்டது. கதவு கதவடைப்பிலும் உணவு உணவகத்திலும் இறுதி உகரத்தை இழப்பது போலவே இதுவும் தரவட்டை ஆகும். முற்றியலுகரமும் சில இடங்களில் இவ்வாறு கெடும் என்று நன்னூல் விதி சொல்கிறது. இணைத்து எழுதினால், அட்டை என்று பிரித்துப் படித்து நீரில் வாழும் அட்டையை நினைப்பதற்கும் இடமிருக்காது.

மாம்பழப் பருவம் தொடங்குவதற்கு முன் கையேடு அச்சுக்குப் போக வேண்டும். அதில் முதல் முறை வரும் இடத்தில் ‘தரவுமடை, அதாவது மைஃபை, ஜியோஃபை போன்ற பெட்டி’ என்று எழுதி, அதன்பின் தரவுமடை என்று மட்டும் எழுத எண்ணியுள்ளேன். இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிவிக்க வேண்டுகிறேன். குறிப்பாக, மேற்கே தளி, அஞ்செட்டிப் பக்கம் மடைக்கு வேறு சொல் வழங்குகிறதா என்று அப்பகுதி அன்பர்கள் விசாரித்துச் சொன்னால், அதையும் கையேட்டில் அடைப்புக்குறிக்குள் சேர்த்துவிடுவேன்.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து