நிறம் போன ஹைட்ரேஞ்சாவை இப்போதே வெட்டலாமா?

பின்வளவு: ரொறன்ரோவில் வீட்டு முன்பக்கம் ஒரு நீல ஹைட்ரேஞ்சாப் பூச்செடி. உருண்டைப் பூ வகை. ஜூலையில் மயில் கழுத்து நிறம். அக்டோபர் பிறந்ததும் பலமுறை தோய்த்த சீலை மாதிரி வெளிறி, பச்சையும் மண்ணிறமுமாக நிற்கிறது. உரம் காணாதா? வெட்டிவிடவா?

கத்தரிக்கோல்: யோசிக்காமல் வெட்டுங்கள். காய்ந்த தலைகளோடு வாசல் செத்தவீடு மாதிரி இருக்கும். நான் குளிருக்கு முன்பே முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவேன்.

செவ்வந்தி: அண்ணை, அப்படி வெட்டினால் வாற கோடையில் இலையைத்தான் பார்ப்பார். இந்த வகை அடுத்த வருடத்து மொட்டை இலையுதிர்காலத்துக்குள்ளேயே பழைய தடியில் கட்டிவிடும். உரத்திலும் குறையில்லை. நாங்கள் இதழ் என்று நினைப்பது உண்மையில் புல்லி, பூவின் வெளியுறை. அதனால்தான் உதிராமல் நின்று, முதிர முதிரப் பச்சை ஏறுகிறது.

கத்தரிக்கோல்: என்னுடையது வருடாவருடம் பூக்கிறதே! வெள்ளைக் கூம்பு, இரவு குளிரத் தொடங்கினால் ரோஸ் நிறம்.

செவ்வந்தி: கூம்பு என்றால் அது பனிக்குலாட்டா என்ற வேறு ஹைட்ரேஞ்சா வகை. அது புதுத் தடியில் பூக்கும், வெட்டினாலும் பிழைத்துக்கொள்ளும். இரண்டையும் ஒன்றாக்கி ஆலோசனை சொல்லாதீர்கள்.

கத்தரிக்கோல்: சரி, வகையில் பிழை விட்டேன். ஆனால் இந்த ஊர்க் குளிரில் பழைய தடி மொட்டு பாதி கருகித்தானே போகிறது? அதோடு ஈரப் பனி தலையில் குந்தி, அயல் வீட்டில் இரண்டு தடி முறிந்ததைக் கண்ணால் கண்டேன்.

செவ்வந்தி: அது நியாயம். பாரமான தலைகளை மட்டும், தலைக்குக் கீழே வரும் முதல் சோடி மொட்டுக்கு மேலே வெட்டலாம். மற்றதை விடுங்கள், காய்ந்த தலைதான் மொட்டுக்குக் குடை. அடியில் சருகைக் குவித்தால் இன்னும் நல்லது.

பின்வளவு: டோர்ச் அடித்துப் பார்த்தேன். இலைக்காம்பு இடுக்கில் சின்னச் சின்ன மொட்டு, சோடி சோடியாக! கத்தரியை உள்ளே வைத்துவிட்டேன். அடுத்த முறையும் நீலம் வர, துருப்பிடித்த ஆணி புதைக்கட்டா? அம்மா அப்படித்தான் சொல்கிறா.

செவ்வந்தி: நீலத்துக்கு வேண்டியது இரும்பு இல்லை, அலுமினியம். மண்ணின் பிஎச் (அமிலத்தன்மை அளவு) 5.5க்குக் கீழே இருந்தால் வேர் அதை இழுக்கும். முதலில் மண்ணைச் சோதியுங்கள்.

கத்தரிக்கோல்: எல்லாம் சரி. தீபாவளிக்கு வாற மாமி "வாசலில் என்ன இந்தச் சருகு" என்று கேட்டால் பின்வளவு என்ன பதில் சொல்வார்?

பின்வளவு: மாமியையும் இந்த இணையத் திரிக்குக் கூட்டிவருகிறேன்.